அயல்நாட்டு அடுப்பில் சீன வீட்டுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஆகன் நகரத்து மாணவர் விடுதி ஒன்றில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். எட்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை. எட்டுப் பேரில் நான்கு பேர் சீனர்கள். ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவிலிருந்து வந்த தோழி ஒருத்தியும், வடகிழக்கில் ஷென்யாங்கிலிருந்து வந்த நண்பர் ஒருவரும்தான் எனக்கு இந்தச் சமையலில் ஆசான்கள். ஊருக்குப் போகும்போதும் தொலைபேசியிலும் உறவினர்களும் சிநேகிதிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். நான் சமையல் கலைஞர் அல்ல. பசித்த மாணவியாக இருந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

நம் சமையல் இருக்கும்போது சீனச் சமையல் எதற்கு? (அம்மா கேட்டது)

நம் சமையலை விட்டுவிடவில்லை, அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாம்பார்தான். ஆனால் வாரநாளில் மாலை ஏழு மணிக்கு ஆய்வகத்திலிருந்து வருகிறவளுக்குப் பருப்பு வேகவைத்து, புளி கரைத்து, தேங்காய்க்கு அலைந்து குழம்பு வைக்கத் தெம்பு இருப்பதில்லை. என் பக்கத்து அடுப்பில் சாங்ஷாத் தோழி மின்குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, அது வேகிற இருபத்தைந்து நிமிடத்துக்குள் இரண்டு பதார்த்தங்களை முடித்துத் தட்டில் கொட்டிவிடுவாள். அதில் பெரும்பங்கு நேரம் வெட்டுப்பலகையில்தான் போகும். அடுப்பில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். நாம் குழம்பைக் கொதிக்கவிட்டு அடுப்படியில் நின்று காய் நறுக்குவோம். அவர்கள் நறுக்கி முடிக்காமல் அடுப்பையே பற்றவைக்க மாட்டார்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும் என்பதுதான் இத்தனை ஆண்டில் நான் தெரிந்துகொண்டது.

மஞ்சூரியன், சில்லி கோபி எல்லாம் சீனச் சாப்பாடு இல்லையா?

இந்தியச் சீனச் சாப்பாடு. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா மக்களின் கையில் பிறந்து, நம் பச்சைமிளகாயையும் மசாலாவையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த தனி வகை. கோழி மஞ்சூரியனை 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். மஞ்சூரியா என்ற பெயரால் குறிக்கப்படும் வடகிழக்குப் பகுதியிலிருந்தே வந்தவர் என் ஷென்யாங் நண்பர். அவருக்குக் கோபி மஞ்சூரியன் செய்துகொடுத்தேன். மிகவும் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது, இது எந்த நாட்டுச் சமையல்?" என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சாப்பாட்டின் மீது எந்த இளக்காரமும் இல்லை. தள்ளுவண்டி நூடுல்ஸுக்கு நாக்கு ஏங்குகிற நாள்கள் உண்டு. இங்கே சொல்லப்போவது வேறு விஷயம், அவ்வளவுதான்.

அப்படியானால் அவர்கள் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள இரண்டு மூன்று பதார்த்தங்கள், சில வீடுகளில் தண்ணீராக ஒரு சூப். நம் வீட்டுச் சோறு, பொரியல், கூட்டு, ரசம் போலத்தான். குழம்பு ஊற்றிப் பிசைவது மட்டும் கிடையாது. பதார்த்தங்கள் மேசையின் நடுவில் இருக்கும். எல்லோரும் அதிலிருந்தே எடுப்பார்கள். சோறே முதன்மையாக இருப்பது தென்சீனத்து வழக்கம். ஷென்யாங் நண்பர் வீட்டில் கோதுமைக்கும் பெரிய இடம் உண்டு: ஆவியில் வேகவைத்த ரொட்டி, கையால் இழுத்த நூடுல்ஸ், ஜியாவ்ஸி என்கிற மடிப்புக் கொழுக்கட்டை. சீனச் சமையல் என்று ஒற்றைப் பெயர் வைப்பது, பஞ்சாபையும் செட்டிநாட்டையும் சேர்த்து இந்தியச் சமையல் என்பது போல.

முதலில் எதையெல்லாம் வாங்க வேண்டும்?

வெளிர் சோயா சாஸ், அடர் சோயா சாஸ், கருப்பு வினிகர், எள்ளெண்ணெய். இவ்வளவுதான். கூடவே இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இரண்டாம் மாதம் ஷாவ்ஷிங் அரிசி மதுவும், சிப்பி சாஸும், பிக்ஸியன் என்ற ஊரின் பெயரில் விற்கும் அகன்ற அவரை மிளகாய் விழுதும் வாங்கலாம். எடுத்த எடுப்பிலேயே பதினைந்து பாட்டில்களை அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். வீடு மாறும்போது அவற்றில் பத்தை மூடி திறக்காமலே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எள்ளெண்ணெய் என்றதும் நம் நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அவர்களுடையது எள்ளை வறுத்துப் பிழிவது. நிறம் தேன் போல இருக்கும், மணம் ஆளைத் தூக்கும். அது தாளிக்கிற எண்ணெய் அல்ல. அடுப்பை அணைத்த பிறகு நாலு சொட்டு விடுவதோடு சரி.

கடைகளைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் ஆசியக் கடைகள் பலவற்றை வியட்நாமியர்கள் நடத்துகிறார்கள். சீனச் சரக்கும் அங்கேயே கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அதே அலமாரியில் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது என்பதைச் சனிக்கிழமை மதியமே நினைவில் கொள்ளுங்கள்.

சோயா சாஸில் வெளிர், அடர் என்று இரண்டு எதற்கு? ஒன்று போதாதா?

போதாது. நான் கெட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. முதல் வாரமே கடைக்குப் போய், கருப்பாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்து அடர் சோயாவை வாங்கிவந்தேன். நூடுல்ஸில் உப்பு போதவில்லை, இன்னும் ஊற்றினேன். அப்போதும் போதவில்லை. கடைசியில் கரிச்சட்டியைச் சுரண்டி வைத்தது போல ஒரு தட்டு வந்தது. வாயில் வைத்தால் அசட்டுத் தித்திப்பு.

வெளிர் சோயா உப்புக்கும் சுவைக்கும். அடர் சோயா நிறத்துக்கு மட்டும். அதை அரைத் தேக்கரண்டிக்கு மேல் நான் தொடுவதில்லை. சீன மொழியில் வெளிர் சோயாவுக்கு ஷெங்சோவ், அடர் சோயாவுக்கு லாவ்சோவ் என்று பெயர். ஷெங் என்றால் பச்சை, புதிது. லாவ் என்றால் முதிர்ந்தது. சீன எழுத்து தெரியாதவர்களுக்குத் தோழி சொல்லிக்கொடுத்த குறுக்குவழி: மூன்று கிடைக்கோடுகளை ஒரு நேர்க்கோடு குத்தி நிற்பது போலவும், இடப்பக்கம் சின்னதாக ஒரு சாய்கோடு ஒட்டியது போலவும் முதல் எழுத்து இருந்தால் அது ஷெங். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாலும் தெரியும். அடர் சோயா கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒட்டி மெதுவாக இறங்கும்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. கோதுமை சேர்க்காத தமாரி என்ற ஜப்பானிய வகையை, பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தனியாகச் சீன வாணலி வேண்டுமா? எங்கள் வீட்டில் மின்அடுப்புதான் இருக்கிறது.

அடி உருண்ட வாணலி மின்அடுப்பில் ஆடும், சூடும் ஏறாது. அடி தட்டையான கார்பன் எஃகு வாணலி ஒன்று வாங்குங்கள். புதிதாக வந்ததும் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவிப் புகையவிட்டு, திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். இதை நான் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கிய கைகளுக்கு இது ஒரு மாலை நேரத்து வேலை. சோப்புப் போட்டு ஊறவைக்காதீர்கள், ஈரத்தோடு விட்டுவைக்காதீர்கள்.

உணவகத்தில் வருகிற அந்தப் புகைமணம் வீட்டில் வராது. அங்கே எரிகிற எரிவாயு அடுப்பின் வேகம் வேறு. சீனாவிலேயே வீட்டுச் சமையலில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்று தோழி சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: வாணலியை நன்றாகக் காயவிட்டு, இரண்டு பேருக்கு மேல் ஒரே தடவையில் வதக்காமல் இருப்பது. கொள்ளாத அளவு காயைக் கொட்டினால் அது வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்துவிடும்.

முதன்முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

தக்காளி முட்டை. வேறு யோசனையே வேண்டாம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் சீனப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். 2017-இல் சீன வங்கி ஒன்றின் விளம்பரம் அங்கே பெரிய பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மாணவன், நண்பர்களுக்குத் தக்காளி முட்டை செய்ய வேண்டும், முட்டை முதலா தக்காளி முதலா என்று அம்மாவைக் கேட்பான். அம்மா வாய்மொழியாகச் சொல்வது அவனுக்கு விளங்காது. அவளும் அப்பாவும் எழுந்துபோய்ச் சமைத்தே காட்டிப் படமெடுத்து அனுப்புவார்கள். சாப்பாடு முடிந்த பிறகுதான் அங்கே அப்போது அதிகாலை நான்கு மணி என்பது அவனுக்கு உறைக்கும். விடுதிச் சமையலறையில் அதைப் பார்த்துவிட்டு ஷென்யாங் நண்பர், "அழவைத்துப் பணம் பிடுங்குகிறார்கள்" என்று திட்டினார். திட்டிவிட்டு அம்மாவுக்குத் தொலைபேசி போடப் போய்விட்டார்.

அந்த மாணவனுக்கான விடை: முட்டைதான் முதல். இரண்டு பேருக்கு நான்கு முட்டை, நடுத்தரத் தக்காளி மூன்று. முட்டையில் உப்பும் ஒரு கரண்டித் தண்ணீரும் சேர்த்து நுரைக்க அடியுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று மேசைக்கரண்டி நன்றாகக் காய்ந்ததும் முட்டையை ஊற்றினால் பூரி போல உப்பும். பெரிய துண்டுகளாகப் புரட்டி, நடுவில் சற்றே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் தக்காளியைப் போட்டு உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து, சாறு விட்டுக் குழையும் வரை அழுத்துங்கள். முட்டையைத் திரும்பப் போட்டு அரை நிமிடம். மேலே வெங்காயத்தாள். குளிர்காலத் தக்காளியில் சாரமே இருக்காது. அப்போது தகரத்தில் அடைத்த தக்காளி உதவும்.

சர்க்கரை போடலாமா கூடாதா என்று சீனர்களுக்குள்ளேயே தீராத வழக்கு இருக்கிறது. நான் போடுகிற கட்சி.

அடுத்து?

புளிப்பு உருளைக்கிழங்கு இழை. ஒன்றிரண்டு கிழங்கு, கொஞ்சம் வினிகர், வரமிளகாய். மாதக் கடைசிக்கு உகந்த பதார்த்தம். ஆனால் நம் நாக்கு இதை முதலில் நம்பாது, ஏனென்றால் இதில் கிழங்கு குழையக்கூடாது. "நறுக்" என்று கடிபட வேண்டும்.

தோழி இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிழங்கைத் தோல் சீவி, ஒரு பக்கம் மெலிதாக வெட்டித் தட்டையாக்கி, அந்தப் பக்கம் பலகையில் படியுமாறு உட்காரவைப்பாள். பிறகு காகிதக் கனத்துக்குச் சீவல்கள். அவற்றைச் சீட்டுக்கட்டு போலச் சரித்துப் பரப்பி, கத்தியின் பக்கவாட்டை மடக்கிய விரல்முட்டியில் உரசவிட்டபடி தீக்குச்சியை விட மெல்லிய இழைகளாக அறுப்பாள். முட்டி நகர நகரக் கத்தி பின்தொடரும். கண் பேச்சுக் கொடுக்கிறவர் முகத்தில் இருக்கும். எனக்கு அது வர ஓராண்டு ஆயிற்று. அதுவரை துருவுகட்டைதான். துருவினால் அந்த நறுக்கு முழுதாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுத்த இழைகளை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீர் பால் போல இருக்கும், மூன்றாவது தெளிந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் மாவுப்பொருள் போனால்தான் வாணலியில் பசையாகாது. நன்றாக வடித்து, காய்ந்த எண்ணெயில் வரமிளகாயும் பூண்டும் மணம் வந்ததும் கொட்டி, முழு வேகத்தில் புரட்டுங்கள். வினிகரைத் தொடக்கத்திலேயே ஒரு கரண்டி விடுவதில்தான் சூட்சுமம். புளிப்பு பட்டால் கிழங்கு எளிதில் குழையாது. புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் பாட்டிமார் சொல்வது இதேதான். பச்சை வாசனை போனதும் உப்புப் போட்டு இறக்குங்கள். மொத்தம் மூன்று நிமிடம். ஜெர்மன் கடைகளில் உருளைக்கிழங்கை அது குழையும் தன்மையைப் பார்த்து வகை பிரித்து விற்பார்கள். குழையாத வகையை வாங்குங்கள்.

உணவகங்களில் இறைச்சி அவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, எப்படி?

நாருக்குக் குறுக்கே மெலிதாக வெட்டுவது பாதி. மீதி, மாவு. முந்நூறு கிராம் இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி வெளிர் சோயா, ஒரு கரண்டித் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சோளமாவு அல்லது உருளைக்கிழங்கு மாவு சேர்த்துப் பிசைந்து, கடைசியாகக் கொஞ்சம் எண்ணெய். கால் மணி நேரம் ஊறட்டும்.

சைவர்கள் என்ன செய்வது?

கடைச் சாப்பாட்டில் சங்கடம், வீட்டுச் சமையலில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன உருளைக்கிழங்கும், கையால் கிழித்துப் போட்டு வதக்கும் முட்டைகோசும், பூண்டு போட்ட கீரையும் பிறவிச் சைவம். கவனிக்க வேண்டியது மறைந்திருப்பவற்றை. சிப்பி சாஸ் உண்மையிலேயே சிப்பியில் செய்வது. 1888-இல் தெற்குச் சீனத்தில் லீ கும் ஷியுங் என்பவர் தொடங்கிய கம்பெனிதான் இன்றைக்கும் அதை விற்கும் லீ கும் கீ. காளானில் செய்த சைவ வகையும் அதே அலமாரியில் இருக்கும். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிப் பதார்த்தத்தில் கொத்திய இறைச்சி போடுவது வழக்கம். அதற்குப் பதிலாக, ஊறவைத்துப் பொடியாக நறுக்கிய உலர்ந்த ஷிடாக்கே காளானைப் போட்டால் குறை தெரியாது.

ஜெர்மனியில் சைவர்களுக்கு ஒரு யோகம், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும் புகையூட்டிய டோஃபு. ஹூனானிலும் புகையூட்டிய டோஃபு உண்டு. தோழி அதை மெல்லிய துண்டுகளாக்கி, பச்சைமிளகாயோடும் செலரித் தண்டோடும் வதக்கி, வெளிர் சோயா மட்டும் விட்டு இறக்குவாள். ஊர் நினைவு வந்தால் அவள் செய்கிற முதல் பதார்த்தம் அதுதான்.

சீனச் சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் இருக்கும் என்கிறார்களே?

ஹூனான்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என் தோழி காரத்தில் என்னைத் தோற்கடித்தவள். மிளகாய் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியாகப் போனதுதான், நமக்கு வந்தது போல. 1591-ஆம் ஆண்டுச் சீன நூலொன்றில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அங்கே மிளகாய் மசாலாப் பொடியில் ஒரு பங்காக இல்லாமல், காயாகவே தட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பச்சைமிளகாய் போட்ட பன்றியிறைச்சி என்று ஹூனான் வீடுகளில் அன்றாடம் செய்வது இதுதான். அதற்கு ஏற்ற நீள மிளகாய் ஜெர்மன் கடையில் கிடைக்காது. துருக்கியர் கடையில் கிடைக்கும். சனிக்கிழமைகளில் இருவரும் அங்கே போய், ஒவ்வொரு மிளகாயாகப் பார்த்துக் கோணலாக வளர்ந்ததையே பொறுக்குவோம். கோணல் மிளகாய் காரம் என்பது அவள் நம்பிக்கை. எங்கள் அத்தையும் அதையே சொல்வார்.

சிச்சுவான்காரர்களின் விஷயம் வேறு. அவர்கள் மிளகாயோடு ஹுவாஜியாவ், அதாவது சிச்சுவான் மிளகு, என்ற மணியைச் சேர்ப்பார்கள். அது காரம் அல்ல, நாக்கும் உதடும் மின்சாரம் தொட்டது போல விறுவிறுத்து மரத்துப்போகும். பெயரில் மிளகு என்று வந்தாலும் மிளகுக்கு உறவில்லை, எலுமிச்சைக் குடும்பம். அதனால்தான் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோய்க்குப் பயந்து அமெரிக்கா 1968 முதல் 2005 வரை அதன் இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தது. கொங்கண் கரையில் மீன் குழம்பில் போடும் திர்பால் இதற்கு நெருங்கிய சொந்தம்.

வாணலியை அடுப்பில் ஏற்றவே பொறுமை இல்லாத நாளில் குய்சோ மாகாணத்து லாவ் கான் மா மிளகாய் எண்ணெய் இருக்கிறது. மொறுமொறுப்பான மிளகாய், புளித்த கருப்புச் சோயா. சோற்றில் பிசைந்தும் சாப்பிட்டேன், தோசைக்கும் தொட்டுக்கொண்டேன். இரண்டையும் பார்த்துத் தோழி சிரித்தாள்.

கிடைக்காத பொருளுக்கு மாற்று?

ஷாவ்ஷிங் மதுவுக்கு ஷெர்ரி என்ற திராட்சை மதுவில் இனிப்பில்லாத வகை. கருப்பு வினிகருக்குச் சாதாரண வினிகரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். அசல் சுவை வராது, அவசரத்துக்கு ஆகும். பாக் சோய் என்ற சீனக் கீரையின் விலை அதிகமாக இருந்தால் சுவிஸ் சார்டு கீரை. நாப்பா முட்டைகோசும் வெள்ளை முள்ளங்கியும் நூல்கோலும் ஜெர்மன் கடைகளிலேயே சாதாரணமாகக் கிடைக்கும்.

நான் கண்ட மாற்றுகளில் மிக அழகானது ஷென்யாங் நண்பர் கண்டுபிடித்தது. வடகிழக்குச் சீனத்தில் குளிர்காலத்துக்கு முன் முட்டைகோசை உப்பிட்டுப் பெரிய மண்தாழியில் புளிக்கவைப்பார்கள். அதைப் பன்றியிறைச்சியோடும் கண்ணாடி நூடுல்ஸோடும் கொதிக்கவைத்துச் சாப்பிடுவது அவர்கள் குளிர்கால விருந்து. ஜெர்மானியர்களும் முட்டைகோசைப் புளிக்கவைக்கிறார்களே! கடையில் சவர்கிராவ்ட் பொட்டலம் வாங்கி, இரண்டு தரம் அலசிப் பிழிந்து போட்டார். முதல் கரண்டி குடித்ததும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் பாட்டி இன்னும் கொஞ்சம் தடிமனாக வெட்டுவார்" என்றார்.

அஜினமோட்டோ போடுகிறீர்களா?

ஒரு சிட்டிகை, ஒளிக்காமல் போடுகிறேன். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த சுவை அது. தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருப்பது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். காரணம் இன்னதென்று அவரே உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் பழி இந்த உப்பின் மேல் விழுந்து அப்படியே நிலைத்துவிட்டது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நல்ல சோயா சாஸ் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

வறுத்த சோற்றுக்குப் பழைய சோறுதான் வேண்டுமாமே?

ஆம், ஆனால் நம் பழைய சோறு போல இரவெல்லாம் வெளியே வைத்தது கூடாது. வெந்த சோறு அறைச்சூட்டில் கிடந்தால் ஒருவகை நுண்ணுயிர் நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே வறுத்துவிடுங்கள். சோயா சாஸை ஊற்றிச் சோற்றைப் பழுப்பாக்குவது எனக்குப் பிடிக்காது. உப்பு, முட்டை, வெங்காயத்தாள் போதும்.

உடம்புக்கு முடியாதபோது அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?

கஞ்சி. வேறென்ன? ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலத்தில் "காஞ்ஜி" என்று உணவுப் பட்டியலில் போடுகிறார்களே, அது நம் கஞ்சிதான்; போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். சீனர்கள் தங்கள் மொழியில் அதைச் சோவ் என்பார்கள். நூறு கிராம் அரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சிறு தீயில் ஒரு மணி நேரம், நடுநடுவே கிளறல். தொட்டுக்கொள்ள நமக்கு நார்த்தங்காய் என்றால் அவர்களுக்குச் சாசாய் என்ற கடுகுத்தண்டு ஊறுகாய்.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு பிப்ரவரியில் ஷென்யாங் நண்பர் அரிசிக்குப் பதில் தினைக்கஞ்சி வைத்துக்கொடுத்தார். வடசீனத்தில் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதுதானாம். ஜெர்மன் கடையில் தினை என்று அவர் நினைத்து வாங்கியது பனிவரகு. அங்கே பெரும்பாலும் அதுதான் விற்கிறது. குழைந்து கஞ்சியான பிறகு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, காய்ச்சல் நாக்குக்கு எதுவும் தெரியாது.

ஜியாவ்ஸியை வீட்டில் செய்ய முடியுமா, பாக்கெட்டில் வாங்குவது மேலா?

தனியாக இருந்தால் பாக்கெட். நாலு பேர் இருந்தால் கட்டாயம் வீட்டில். அரைக் கிலோ மைதாவுக்கு எடையில் பாதி, அதாவது இருநூற்றைம்பது கிராம், பச்சைத் தண்ணீர். பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்தால் எழுபது எண்பது வரும். முட்டைகோசைப் பொடியாக அரிந்து, உப்புப் பிசிறி, பிழிந்த பிறகுதான் உள்ளே சேர்க்க வேண்டும். பிழியாமல் வைத்தால் மாவு நனைந்து கிழியும். கொதிநீரில் போட்டு, பொங்கி வரும்போதெல்லாம் ஒரு குவளைப் பச்சைத் தண்ணீர் விடுங்கள். மூன்றாம் பொங்கலுக்கு வெந்திருக்கும்.

வடக்கில் சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே உட்கார்ந்து இதை மடிக்கும். விடுதியில் மாவு தேய்க்கும் உருளை இல்லாமல் பீர் பாட்டிலால் தேய்த்தோம். ஷென்யாங் நண்பர் ஒரே அழுத்தில் மூடிவிடுவார். எனக்கு அது வராமல், அம்மா சோமாசிக்குச் செய்வது போல ஓரத்தை முறுக்கி முறுக்கிப் பின்னினேன். கொதியில் எல்லோருடையதும் ஒன்றிரண்டு வாய் திறந்தன, முறுக்கிப் பின்னியது ஒன்றுகூடத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் அதற்கு "இந்திய மடிப்பு" என்று பெயர்.

ஊரிலிருந்து பொருள் கொண்டுவரலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாடுகளிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. அதில் சீனத்து உலர்ந்த இறைச்சிக் குழலும் அடக்கம், பெட்டியின் அடியில் அம்மா ஒளித்துவைத்த நெய்யும் அடக்கம். சாஸ், உலர்ந்த காளான், மிளகாய் விழுது ஆகியவற்றை இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

புகையும் மணமும் வந்தால் அண்டை அறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே?

வருவார்கள். சன்னலைத் திறந்துவைத்து, குளிர்காலக் கோட்டை அறைக்குள் விட்டு, அறைக் கதவை மூடிவைத்துச் சமைக்கப் பழகுங்கள். வரமிளகாயைக் காய்ந்த எண்ணெயில் கருகவிட்டு நான் ஒரு தடவை விடுதி முழுவதற்கும் அபாயமணி அடிக்கவைத்தேன். நவம்பர் மாத இரவு பத்து மணிக்கு எல்லா மாடிக்காரர்களும் செருப்போடு தெருவில் நின்றார்கள். மறுநாள் கதவு கதவாகப் போய் முறுக்கு கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

குச்சியால் சாப்பிடத் தெரியாவிட்டால் தவறாக நினைப்பார்களா?

இல்லை, கரண்டி கொடுப்பார்கள். சோற்றில் குச்சியை நெட்டுக்குத்தாக நட்டுவைக்காதீர்கள், அவ்வளவுதான். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றிவைப்பது போல இருக்கும்.

பதிலுக்குச் சீன நண்பர்களுக்கு நாம் என்ன செய்துபோடலாம்?

தயிர்சாதம் வேண்டாம். குளிர்ந்த தயிரைச் சோற்றில் பிசைவதைப் பார்த்து ஷென்யாங் நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிளகு ரசம் எல்லோருக்கும் பிடித்தது. குவளையில் ஊற்றிச் சூப்பாகக் குடித்தார்கள். வெண்டைக்காய் வறுவலும் நன்றாகப் போயிற்று.

ஒரு நாள் அப்பளத்தோடு மோர்மிளகாய் பொரித்துவைத்தேன். சாங்ஷாத் தோழி ஒன்றை எடுத்துக் கடித்தாள், காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் ஊரில் பச்சைமிளகாயைக் கொதிநீரில் முக்கி எடுத்து, உப்பிட்டு, வெயிலில் வெள்ளையாகும் வரை உலர்த்தி வெள்ளை மிளகாய் என்று எடுத்துவைப்பார்களாம். பாட்டி வீட்டு மொட்டைமாடியில் மூங்கில் தட்டுகளில் காயுமாம். "மோர் எதற்கு?" என்று கேட்டாள். சொன்னேன். மீதமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.